வீட்டுக்குள் இறங்கிய வசனங்கள்

குர்ஆனின் பெரும்பகுதி எல்லா மனிதரையும் நோக்கிப் பேசுகிறது. இறைவனின் ஒருமை, மறுமை நாளின் விசாரணை, அநாதைகளின் உரிமை, அளவையிலும் நிறுவையிலும் நேர்மை, முன்னைய நபிமார்களின் வரலாறு என்று அதில் வரும் பொருள்கள் எந்த ஊராருக்கும் எந்தக் காலத்துக்கும் உரியவை. அதே நூலின் 114 அத்தியாயங்களுக்குள் வேறொரு வகை வசனங்களும் ஆங்காங்கே உள்ளன. முகம்மது நபியின் ஒரு திருமணம், மனைவியரிடையே எழுந்த மனத்தாங்கல், விருந்து முடிந்தும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள், மனைவி ஒருவர்மேல் ஊர் சுமத்திய பழி, பகைத்து நின்ற தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் ஆகியவை அவற்றின் பொருள். எண்ணிக்கையில் இவை குறைவு. ஆயினும் குர்ஆனைப் பற்றி எழுந்த விவாதங்களில் இவை பிடித்துக்கொண்ட இடம் மிகப் பெரியது.

இவற்றின் மேல் எழுப்பப்படும் கேள்விகள் இரண்டு. எல்லாக் காலத்துக்கும் உரியது எனப்படும் இறைவாக்கில் ஒரு வீட்டின் அன்றாடச் செய்தி ஏன் இடம்பெற வேண்டும் என்பது முதல் கேள்வி. வஹீ எனப்படும் இறையறிவிப்பு அதைப் பெற்றவருக்கே வசதியாக அமைந்தால் அதை எப்படி நம்புவது என்பது அடுத்தது. முன்னது வேதம் என்றால் என்ன என்பதைப் பற்றியது. பின்னது ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றியது. விவாதிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அதனால் ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதற்கும் போதும் என்ற மயக்கம் இரு தரப்பிலும் ஏற்படுகிறது.

இரண்டாவது கேள்வியை முதலில் எழுப்பியவர் வெளியார் அல்லர், நபியின் மனைவி ஆயிஷா. 33ஆம் அத்தியாயத்தின் 50ஆம் வசனம் நபி மணக்கத்தக்க பெண்களின் வகைகளைக் கூறி, தன்னையே நபிக்கு அர்ப்பணிக்கும் பெண்ணை மணக்கும் அனுமதி அவருக்கு மட்டுமே உரியது, மற்ற நம்பிக்கையாளருக்கு இல்லை என்று வரையறுக்கிறது. அடுத்த வசனம் மனைவியருக்குரிய முறைநாள்களை விருப்பம்போல் முன்பின்னாக மாற்றிக்கொள்ள அவருக்கு இடம் தருகிறது. இதைக் கேட்ட ஆயிஷா, உங்கள் இறைவன் உங்கள் விருப்பத்தை நிறைவேற்ற விரைகிறான் என்றுதான் காண்கிறேன் என்ற கருத்தில் நபியிடமே சொன்னார். இது எதிரிகள் பரப்பிய கதை அன்று. சுன்னி முஸ்லிம்கள் மிக நம்பகமானவை என்று மதிக்கும் இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில், 870இல் மறைந்த புகாரியினுடையதிலும் 875இல் மறைந்த முஸ்லிமினுடையதிலும், அறிவிப்பாளர் தொடரோடு பதிவாகியிருப்பது. பிற்காலத்தில் பாதிரிமாரும் நாத்திகரும் புதிதாகக் கண்டதுபோல எடுத்துவைத்த ஐயம், இஸ்லாமிய மரபு தன் கையாலேயே எழுதிப் பாதுகாத்த ஐயம். இதைக் கணக்கில் எடுக்காத எந்த விவாதமும் பாதி விவாதமே.

மிக நெடுங்காலமாகப் பேசப்படுவது ஸைனப் பின்த் ஜஹ்ஷின் திருமணம். ஸைத் இப்னு ஹாரிஸா சிறுவயதில் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டவர். நபியின் மனைவி கதீஜா அவரை நபிக்குக் கொடுத்தார். தந்தை தேடிவந்து மீட்க முயன்றபோதும் ஸைத் நபியிடமே தங்க விரும்பினார். நபி அவரை விடுதலை செய்து எல்லோர் முன்னிலையிலும் மகனாக ஏற்றார். ஊர் அவரை முகம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தது. பின்னர் நபி தம் அத்தை மகளான ஸைனபை ஸைதுக்கு மணமுடித்து வைத்தார். உயர்குலப் பெண்ணுக்கும் விடுதலை பெற்ற அடிமைக்கும் நடந்த அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. மணமுறிவுக்குப் பின், ஹிஜ்ரி 5ஆம் ஆண்டளவில், நபியே ஸைனபை மணந்தார். 33ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் இதைப் பற்றியது. ஸைதின் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் வசனமும் அதுதான். நபித்தோழர்களில் குர்ஆனில் பெயரோடு குறிப்பிடப்படுபவர் அவர் ஒருவரே.

அந்தச் செயல் மதீனாவில் ஏன் அதிர்ச்சி தந்தது என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகருக்கு எளிதில் விளங்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுத்தில் தொகுத்த தேசவழமை, பிள்ளை சுவீகாரத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை பெற்றவர்களின் சொத்தில் உரிமையை விட்டு, எடுத்தவர்களின் சொத்துக்கு உரிமையாளராகும். சாவகச்சேரியிலோ கொடிகாமத்திலோ அப்படி எடுத்த மகனின் மனைவி வீட்டுக்கு மருமகள்தான். மாமனார் அவரை மணப்பதை ஊர் நினைத்துப் பார்க்கவும் கூசும். 7ஆம் நூற்றாண்டு மதீனாவிலும் தத்துப்பிள்ளைக்கு இத்தகைய முழு உறவுநிலை இருந்தது. அதனால் அன்று எழுந்த குற்றச்சாட்டு, மகனின் மனைவியை மணந்தார் என்பதுதான். காதல், ஆசை என்ற பேச்சு அதில் முதன்மை பெறவில்லை. எடின்பரோவில் கற்பித்த வரலாற்றறிஞர் மொண்ட்கொமெரி வாட், 1956இல் வெளிவந்த மதீனா காலம் பற்றிய நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

வசனத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. மனைவியை விட்டுவிடாதே, இறைவனை அஞ்சு என்று நபி ஸைதிடம் கூறியதை அது நினைவூட்டுகிறது. இறைவன் வெளிப்படுத்தவிருந்த ஒன்றை அவர் மனத்துள் மறைத்ததையும், அஞ்சத்தக்கவன் இறைவனாக இருக்க மனிதருக்கு அஞ்சியதையும் சுட்டுகிறது. பிறகு, வளர்ப்பு மகன்மார் மணமுறித்த பெண்களை மணப்பதில் நம்பிக்கையாளருக்குத் தடை இருக்கக்கூடாது என்பதே நோக்கம் என்கிறது. இதே அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் வளர்ப்பு மகன்கள் உண்மை மகன்கள் அல்லர், அவர்களைத் தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்கின்றன. 40ஆம் வசனம், முகம்மது உங்கள் ஆண்களில் எவருக்கும் தந்தை அல்லர் என்று முடிக்கிறது.

நபி மறைத்தது எது என்பதில் பழைய உரையாசிரியர்களே இரண்டுபட்டனர். தபரி போன்றோரின் நூல்களில் இடம்பெற்ற ஒரு கதைப்படி, ஸைத் இல்லாத நேரம் அவர் வீட்டுக்குச் சென்ற நபி, காற்றில் திரைச்சீலை விலக ஸைனபைக் கண்டு மனம் ஈர்க்கப்பட்டார். அந்த ஈர்ப்பே மறைக்கப்பட்டது என்பது அக்கதையின் பொருள். மறுதரப்பார், நபியின் கொள்ளுப்பேரர் அலீ இப்னு ஹுஸைனின் பெயரால் வரும் விளக்கத்தைப் பிடித்தனர். ஸைனப் தமக்கு மனைவியாவார் என்று நபிக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது, அந்தச் செய்தியையே அவர் மறைத்தார் என்பது அது. 1273இல் மறைந்த குர்துபி இரண்டாவதையே ஏற்றார். 1373இல் மறைந்த இப்னு கஸீர், முதல் வகைக் கதைகள் நம்பத்தக்கவை அல்ல என்று அவற்றை எழுதாமலே விட்டார். இந்த விளக்கத்துக்கு ஒரு நல்ல ஆதரவு உண்டு. ஸைனப் நபியின் நெருங்கிய உறவுக்காரர், சிறுவயது முதல் பார்த்துப் பழகியவர், அந்தத் திருமணத்தைச் செய்துவைத்தவரும் நபியே. திடீரெனக் கண்டு மயங்கினார் என்பது ஒட்டாத கதை.

திரைச்சீலைக் கதை தள்ளத்தக்கதென்றாலும் கேள்வி அதோடு முடிவதில்லை. தத்து வழக்கத்தை ஒழிக்க ஓர் அறிவிப்புப் போதாதா, நபியின் சொந்தத் திருமணம்தான் வேண்டுமா என்று விமர்சகர் கேட்பது நியாயமானது. ஆழ வேரோடிய வழக்கத்தைச் சொல்லால் மட்டும் மாற்ற முடியாது, தலைவர் தாமே மீறிக்காட்டினால்தான் மற்றவருக்குத் துணிவு வரும் என்பது முஸ்லிம் அறிஞர்களின் பதில். 37ஆம் வசனத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் பதின்மூன்று வசனங்கள் தள்ளி வரும் 50ஆம் வசனத்துக்கு அதே பதிலைச் சொல்ல முடியாது. அங்கே கூறப்படும் அனுமதி பிறருக்கு முன்மாதிரி அன்று, நபிக்கு மட்டுமே உரியது. ஒரே அத்தியாயத்தில் ஒரு சலுகை முன்மாதிரி என்ற காரணத்தாலும், மற்றொன்று முன்மாதிரி அல்ல என்ற வரையறையோடும் வருவதே இந்த விவாதத்தின் உண்மையான முடிச்சு. விமர்சகரில் பலர் திரைச்சீலைக் கதையிலேயே நின்றுவிட, இந்த முடிச்சு போதிய கவனம் பெறவில்லை.

இதற்குச் சொல்லக்கூடிய வலுவான பதில், சலுகைகளைச் சுமைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது. 52ஆம் வசனம், இனி வேறு பெண்களை மணக்கவோ மனைவியரை மாற்றிக்கொள்ளவோ கூடாது என்று நபிக்குக் கதவடைக்கிறது. 28, 29ஆம் வசனங்கள், உலக வசதியா இறைவனும் தூதருமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மனைவியர் கையில் கொடுக்கின்றன. தவறிழைத்தால் அவர்களுக்கு இரட்டைத் தண்டனை என்கிறது 30ஆம் வசனம். ஆயினும் சுமையில் பெரும்பங்கு மனைவியர் தலையில் விழுந்தது என்பதை மறைக்க முடியாது. நபிக்குப் பின் அவர்கள் மறுமணம் செய்யக்கூடாது என்ற 53ஆம் வசனத்தின் விதி, இளவயதில் கணவரை இழந்தவர்களை வாழ்நாள் முழுதும் கட்டிவைத்தது.

66ஆம் அத்தியாயத்தின் முதல் ஐந்து வசனங்கள் இதே சிக்கலின் இன்னொரு முகம். மனைவியரைத் திருப்திப்படுத்துவதற்காக, இறைவன் அனுமதித்ததை நீர் ஏன் விலக்கிக்கொள்கிறீர் என்ற கண்டனத்தோடு அத்தியாயம் தொடங்குகிறது. விலக்கப்பட்டது எது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. புகாரியில் உள்ளபடி அது தேன். ஸைனபின் வீட்டில் நபி தேன் அருந்திவிட்டு நெடுநேரம் தங்குவதைப் பொறுக்காத ஆயிஷாவும் இன்னொரு மனைவி ஹஃப்ஸாவும், வாயில் பிசின் வாடை வருகிறதே என்று அவரிடம் சொல்வதாகப் பேசிவைத்துக்கொண்டனர். இனி அந்தத் தேனைத் தொடுவதில்லை என்றார் நபி. மற்ற விளக்கத்தில் விலக்கப்பட்டவர் எகிப்தியப் பெண் மாரியா. ஹஃப்ஸாவின் அறையில் அவரோடு இருந்தது தெரியவந்து மனவருத்தம் ஏற்பட்டதால், இனி அவரை நெருங்குவதில்லை என்று நபி உறுதி கூறினார் என்பது அது. நபி கண்டிக்கப்படுகிறார் என்பதை ஒரு தரப்பு சுட்டிக்காட்டும். அந்தக் கண்டனத்தின் விளைவு அவர் தம் உறுதிமொழியிலிருந்து விடுபட்டதுதான் என்பதை மறுதரப்பு சுட்டிக்காட்டும். இரண்டும் உண்மை.

இந்த நிகழ்வோடு சேர்ந்த வேறொரு செய்தி விமர்சகருக்கு இன்னும் பயன்படக்கூடியது. மூன்று விடயங்களில் தம் கருத்து இறைவனின் கருத்தோடு ஒத்துப்போனதாக நபித்தோழர் உமர் கூறியதைப் புகாரி பதிவு செய்கிறார். இப்ராஹீம் நின்ற இடத்தைத் தொழுமிடமாக்குவது ஒன்று. நபியின் மனைவியருக்குத் திரை வேண்டும் என்பது மற்றொன்று. நபி உங்களை விலக்கிவிட்டால் உங்களைவிடச் சிறந்த மனைவியரை இறைவன் அவருக்குத் தருவான் என்று உமர் நபியின் மனைவியரிடம் கூறியது மூன்றாவது. மூன்றுக்கும் பின்னர் வசனம் இறங்கியது, கடைசியது அவர் சொன்ன விதத்திலேயே 66ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனமாக. ஒரு தோழர் வாயில் முன்பே வந்த கருத்து வேதமாவதை மரபு பெருமையாகவே எண்ணியது. உமரின் சிறப்புக்குச் சான்றாகப் பிற்காலத்தார் இத்தகைய இடங்களை மேலும் தேடித் தொகுத்தனர். இறைவாக்கு மனிதப் பேச்சோடு இவ்வளவு நெருங்கி நிற்பது நம்பிக்கைக்கு ஊறு என்று அந்தத் தலைமுறை கருதவில்லை.

வசதிக்கேற்ப வசனம் வந்தது என்ற கூற்றுக்கு எதிராக எடுக்கப்படும் சான்றுகளில் மிக வலுவானது ஆயிஷாவின் மேல் சுமத்தப்பட்ட பழி. அதை விவரிப்பவரும் ஆயிஷாவே. பனூ முஸ்தலிக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப்போன அவரை விட்டுவிட்டு அணி நகர்ந்துவிட்டது. சிவிகை மிக இலேசானதால் அதைத் தூக்கி ஒட்டகத்தில் ஏற்றியவர்களுக்கு உள்ளே ஆள் இல்லாதது தெரியவில்லை. பின்னால் வந்த ஸஃப்வான் என்ற தோழர் அவரைத் தம் ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். ஊர் வாய்க்கு அது போதுமானதாயிற்று. ஆயிஷா நோயுற்றுப் படுத்தார். நபியின் முகத்தில் பழைய பரிவு இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. பழியைப் பற்றி அறிந்தபின் பெற்றோர் வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தார். நபி தோழர்களான அலீயையும் உஸாமாவையும் ஆலோசித்தார், பணிப்பெண் பரீராவை விசாரித்தார். கடைசியில் ஆயிஷாவிடமே, தவறியிருந்தால் மன்னிப்புக் கேள் என்றார். ஒரு மாதமளவு வஹீ வரவில்லை.

அந்த ஒரு மாத மௌனம் விவாதத்தில் கனமானது. வேண்டும்போது வசனம் கொண்டுவரக்கூடியவர் முதல் நாளே கொண்டுவந்திருப்பார். குடும்ப மானமும் மதீனாவின் அரசியலும் ஒருங்கே ஆட்டங்கண்ட நேரம் அது. மதீனாவின் இரு பெருங்குலங்களும் பள்ளியிலேயே சண்டைக்கு எழும்பின. பழியை அகற்றிய வசனம் வந்ததும், எழுந்து நபியிடம் போ என்று தாய் கூற, போகமாட்டேன், இறைவன் ஒருவனையே புகழ்வேன் என்று மறுத்தார் ஆயிஷா. மக்கள் என்றென்றும் ஓதும் வேதத்தில் இறைவன் தம்மைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தாம் பெரியவர் என்று ஒருபோதும் எண்ணியதில்லை என்றும் அவர் சொன்னார். முதல் கேள்வி, அதாவது தனிமனிதச் செய்தி வேதத்துக்குள் ஏன் என்பது, இங்கே வியப்பாக ஒலிக்கிறது. அந்த வியப்பை வெளியிட்டவரும் அதே ஆயிஷா என்பது அவருடைய சாட்சியத்தின் மதிப்பைக் கூட்டுகிறது.

24ஆம் அத்தியாயத்தின் 11 முதல் 20 வரையான அந்த வசனங்கள் ஆயிஷாவின் பெயரைச் சொல்லவில்லை. நான்கு சாட்சிகள் இல்லாமல் கற்புள்ள பெண்மேல் பழி கூறுபவருக்கு 80 கசையடி என்ற பொதுவிதியோடு சேர்ந்தே அவை நிற்கின்றன. அறியாத ஒன்றை நாவால் வாங்கி நாவால் பரப்பி, அதை இலேசாக எண்ணினீர்கள் என்று ஊரையே கண்டிக்கின்றன. தனி நிகழ்வுக்கு இறங்கிய வசனம் பொது அறமாவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்தக் கண்டனம் நம் மண்ணுக்கும் பொருந்தும். வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் 1990 ஒக்டோபர் 15ஆம் திகதி சாவகச்சேரியில் தொடங்கியது. அதே மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். 70,000க்கும் மேற்பட்டோர் மாகாணத்தை விட்டுத் துரத்தப்பட்டனர். நிரூபிக்கப்படாத ஐயங்களும் வாய்க்கு வாய் பரவிய பேச்சும் ஒரு சமூகம் முழுவதன் மேலும் குற்றமாகச் சுமத்தப்பட்டன. அது பெருங்கொடுமை. அகதியாகிப் புத்தளத்துக்குப் போன ஒருவர் இந்த வசனங்களை ஓதும்போது, மதீனாவின் ஒரு வீட்டு வழக்கை மட்டும் அவர் ஓதவில்லை.

இவ்வாறு விரித்துப் பொருள்கொள்வதற்கு இஸ்லாமியக் கலைகளில் முறையான விதி உண்டு. வசனம் இறங்கிய சந்தர்ப்பங்களை ஆராய்வது ஒரு தனித்துறை. 1076இல் மறைந்த நிஷாப்பூர் அறிஞர் வாஹிதி அதற்கு ஒரு பெருந்தொகுப்பை உருவாக்கினார். 1505இல் மறைந்த ஸுயூத்தியும் இதற்கெனத் தனிநூல் எழுதினார். சந்தர்ப்பம் தனிப்பட்டதாயினும் வசனத்தின் சொல் பொதுவானதானால் தீர்ப்பும் பொதுவானது என்பது பெரும்பாலோர் ஏற்ற விதி. 58ஆம் அத்தியாயம் இதற்குச் சான்று. நீ எனக்குத் தாயின் முதுகு போன்றவள் என்று கூறி மனைவியை விலக்கிவைக்கும் பழைய அரபு வழக்கத்தால் பாதிக்கப்பட்ட கவ்லா என்ற பெண் நபியிடம் வந்து வாதாடினார். நபியிடம் உடனடித் தீர்வு இல்லை. தன் கணவனைப் பற்றி உம்மிடம் வாதிட்டவளின் சொல்லை இறைவன் கேட்டான் என்ற கருத்தோடு அத்தியாயம் தொடங்கி, அந்த வழக்கத்தைக் கண்டித்துப் பரிகாரம் விதிக்கிறது. தனிமனிதருக்கு இறங்கியவை எல்லாம் நபியின் வீட்டுக்கு இறங்கியவை அல்ல என்பதை இந்த அத்தியாயம் காட்டுகிறது. சாதாரண ஒரு பெண்ணின் முறையீடும் வேதத்தில் நுழைந்தது.

நபியை நேரே கண்டிக்கும் வசனங்களும் அதே கணக்கில் சேர வேண்டியவை. மக்காப் பிரமுகர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்ட அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்ற பார்வையற்றவரிடம் முகம் சுளித்ததற்காக 80ஆம் அத்தியாயம் கடிந்துகொள்கிறது. படைக்கு வராமல் நிற்க அனுமதி கேட்டவர்களுக்கு அவசரப்பட்டு அனுமதித்ததை 9ஆம் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் சுட்டுகிறது. தம்மைக் குறைகூறும் வரிகளை ஒருவர் இயற்றித் தொழுகையில் ஓதவைப்பாரா என்பது ஆதரவாளரின் வாதம். ஸைனப் பற்றிய 37ஆம் வசனத்தைச் சுட்டி, நபி எதையாவது மறைத்திருந்தால் இதைத்தான் மறைத்திருப்பார் என்று வரும் ஹதீஸும் இதே வாதத்தின் பழைய வடிவம். கண்டனங்கள் நபியின் மனச்சான்றிலிருந்தே எழுந்திருக்கலாம் என்று விமர்சகர் பதிலளிக்க முடியும். ஆனால் அப்படிச் சொல்பவர், வேண்டுமென்றே ஏமாற்றினார் என்ற பழைய குற்றச்சாட்டைக் கைவிட்டுவிடுகிறார்.

111ஆம் அத்தியாயம் கிளப்பிய சிக்கல் வேறு திசையிலானது. நபியின் தந்தையோடு உடன்பிறந்த அபூலஹபையும் அவர் மனைவியையும் பெயராலும் அடையாளத்தாலும் சபிக்கும் சிறிய அத்தியாயம் அது. 833இல் அப்பாஸியக் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற, முஃதஸிலா இறையியல் பிரிவினரின் கொள்கையை அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று விசாரணை நடத்தியபோது பின்னணியில் நின்ற கேள்விகளில் இதுவும் அடங்கும். குர்ஆன் தொடக்கமில்லாத இறைவாக்கு என்றால், அபூலஹப் பிறக்குமுன்பே அவர் நரகத்துக்குரியவர் என்று பேசப்பட்டுவிட்டது. பிறகு அவரை நம்பச் சொல்வதற்குப் பொருள் என்ன? அஷ்அரி இறையியல் பிரிவினர் இறைவனின் உள்ளார்ந்த பேச்சு வேறு, அதை வெளிப்படுத்தும் எழுத்தும் ஒலியும் வேறு என்று பிரித்து விடை தேடினர். மனிதனால் இயலாததை இறைவன் கட்டளையிடலாமா என்ற விவாதத்துக்கும் அபூலஹபே நிலையான எடுத்துக்காட்டானார். குடும்பப் பகையைப் பேசும் ஐந்து வரிகள் இஸ்லாமியத் தத்துவத்தின் மிகக் கடினமான பிரச்சினைகளுக்குள் இறங்கிவிட்டன.

கிறித்தவ விமர்சனம் 8ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. சிரியாவில் வாழ்ந்த டமாஸ்கஸ் யோவான், ஸைதின் மனைவி கதையை எடுத்து இஸ்லாத்தைத் தாக்கினார். ஐரோப்பிய நூல்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்டன. 1858 முதல் 1861 வரை வில்லியம் மியூர் எழுதிய நபி வரலாறு, மக்காவில் உண்மையோடு தொடங்கியவர் மதீனாவில் வசதிக்கேற்ப வஹீயைப் பயன்படுத்தினார் என்ற கருத்தை இந்தியாவில் பரப்பியது. சர் செய்யித் அஹ்மத் கான் இலண்டன் சென்று, 1870இல் அதற்கு மறுப்பாகக் கட்டுரைகள் வெளியிட்டார். வேதத்தை அதைத் தந்தவரின் ஒழுக்கத்தைக் கொண்டு அளக்கும் இந்த முறை யாழ்ப்பாணத்துக்கும் புதியதன்று. 1816இல் வந்து, 1830களில் சாவகச்சேரியிலும் நிலையம் அமைத்த அமெரிக்க மிஷன், சைவப் புராணங்களில் வரும் தெய்வங்களின் செயல்களை இதே அளவுகோலால் அளந்தது. ஆறுமுக நாவலர் 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதி, கண்டிப்பவர்களின் வேதத்திலிருந்தே ஒப்பான இடங்களை எடுத்துக்காட்டினார்.

நாவலரின் வழி எதிராளியை நிறுத்த உதவும், கேள்வியைத் தீர்க்காது. ஆனால் அது ஓர் உண்மையை வெளிச்சமாக்குகிறது. தனி வாழ்வும் தெய்வ வாக்கும் கலப்பது குர்ஆனுக்கு மட்டும் உரிய நிலை அன்று. சைவர் அருட்பாவாகப் போற்றும் ஏழாம் திருமுறையில், குண்டையூரில் கிடைத்த நெல்லைக் கொண்டுபோக ஆளில்லை என்று சுந்தரர் இறைவனிடமே கேட்கிறார். சுந்தரரின் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவன் திருவாரூர்த் தெருவில் தூது நடந்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. சுந்தரரே மற்றொரு மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த உறுதியை மீறியபோது பார்வையை இழந்தார். அந்த இழப்பின் நோவும் பதிகமாகவே நிற்கிறது. சலுகையும் தண்டனையும் அடுத்தடுத்து வரும் அந்த அமைப்பு 33, 66, 80ஆம் அத்தியாயங்களை நினைவூட்டுகிறது. வேறுபாடும் பெரியது. சுந்தரரின் பதிகங்களில் பேசுபவர் அடியார். குர்ஆனில் பேசுபவன் இறைவன். அதோடு சுந்தரரின் வாழ்விலிருந்து திருமணச் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், இது கர்த்தரின் கட்டளை, இது என் கருத்து என்று தாமே பிரித்துச் சொல்கிறார். குர்ஆனுக்குள் அத்தகைய பிரிவு இல்லை. நபியின் சொந்தப் பேச்சு ஹதீஸில் தனியே நிற்கிறது. ஆகவே குர்ஆனில் உள்ள எந்த வசனத்தையும் அவருடைய கருத்து என்று ஒதுக்கி வைக்கும் வழி மரபு முஸ்லிமுக்கு இல்லை. விமர்சனம் இஸ்லாத்தில் இவ்வளவு கூர்மையாகத் தைப்பதற்கு இதுவே காரணம்.

20ஆம் நூற்றாண்டின் முஸ்லிம் சிந்தனையாளர் சிலர் இந்த இடத்தில்தான் துணிந்து நின்றனர். பாகிஸ்தானிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் 1966இல் வெளியிட்ட இஸ்லாம் என்ற நூலில், குர்ஆன் முழுவதும் இறைவனின் வாக்கு, அதே வேளை முழுவதும் முகம்மதின் உள்ளத்தினூடாக வந்த வாக்கு என்று எழுதினார். எழுந்த கண்டனத்தின் அழுத்தத்தால் 1968இல் பதவி துறந்து நாட்டைவிட்டுப் போனார். ஒரு வசனத்தின் காலச் சூழலுக்குள் சென்று அதன் நோக்கத்தைக் கண்டு, அந்த நோக்கத்தோடு இன்றைய சூழலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் வகுத்த வாசிப்பு முறை. எகிப்தின் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், மனித மொழியிலும் மனிதச் சூழலிலும் நுழைந்த வஹீயை மொழியியல் கருவிகளால் ஆராய்வதே அதற்குச் செய்யும் மரியாதை என்று வாதிட்டார். 1995இல் கெய்ரோ நீதிமன்றம் அவரை மதம் துறந்தவராகக் கருதி அவருடைய திருமணத்தை ரத்துச் செய்தது. அவரும் மனைவியும் நெதர்லாந்துக்குச் சென்றனர். மொரோக்கோவின் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, 1987இல் வெளிவந்த பிரெஞ்சு நூலில் 33ஆம் அத்தியாயத்தின் 53ஆம் வசனத்தை ஸைனபின் மணவிருந்துக்குள் வைத்துப் படித்தார். விருந்து முடிந்தும் கலையாத சிலரால் கூச்சப்பட்ட நபி, தம் வீட்டுக்கும் வெளியாருக்கும் இடையே இட்ட திரை அது என்பதும், எல்லாப் பெண்களையும் மறைக்கும் விதியாக அது நீண்டது பிற்கால ஆண்களின் வேலை என்பதும் அவர் கருத்து. தனிப்பட்ட சந்தர்ப்பம் இங்கே வேதத்தைத் தாக்கும் கருவியாகாமல், வேதத்தின் பெயரால் திணிக்கப்பட்டதைத் தளர்த்தும் கருவியாகிறது. பொதுவிதியாக விரிக்கும் பழைய முறைக்கு இது நேர் எதிர்த் திசை. பல வகையிலும் பயனுள்ள திசையும் இதுதான்.

டேவிட் பவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வேறொரு வழி போனார். ஸைத் பற்றிய பகுதி நபியின் மறைவுக்குப் பின், அவர் இறுதி நபி என்ற கொள்கைக்கு அரணாகச் சேர்க்கப்பட்டது என்பது அவர் வாதம். மகன் இருந்தால் நபித்துவம் தொடரும் என்ற எண்ணத்தை அடைக்கவே வளர்ப்பு மகன் விலக்கப்பட்டார் என்கிறார். புத்திக்கூர்மையான இந்த ஊகத்துக்குச் சுவடிகளில் போதிய ஆதாரம் இல்லை என்று துறை அறிஞர் பலர் மறுத்தனர். சேர்த்து எழுதுபவர்கள் தங்கள் நபிக்கு இவ்வளவு சங்கடமான கதையைத் தேர்ந்திருப்பார்களா என்ற எளிய ஐயமும் உண்டு. ஒரு வசனம் எந்த ஆண்டில், எந்த வீட்டில், எந்தப் பூசலின் நடுவே ஓதப்பட்டது என்பதை வரலாற்று ஆய்வு ஓரளவு சொல்லலாம். அது மேலிருந்து வந்ததா என்பதைச் சொல்ல அதனிடம் கருவி இல்லை.

ஸைதின் வழக்கு விட்டுச்சென்ற சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. இலங்கையில் 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை முதல் முஸ்லிம்களின் மணமும் வாரிசுரிமையும் தனிச்சட்டத்தின் கீழ் வந்தன. தேசவழமைப்படி மஞ்சள் நீர் அருந்தி எடுத்த பிள்ளைக்குக் கிடைத்த உரிமை, அதே சாவகச்சேரியில் அயல்வீட்டு முஸ்லிம் குடும்பம் வளர்த்த பிள்ளைக்குச் சமய விதிப்படி கிடைக்கவில்லை. வளர்த்தவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மரணசாசனம் எழுதி வைக்கலாம். வம்சப் பெயர் மாறாது. பிள்ளைக்குத் தன் பெற்றோர் யார் என்ற அறிவு பறிபோகக்கூடாது என்பதை இவ்விதியின் நன்மையாக இன்றைய முஸ்லிம் சட்ட அறிஞர் சுட்டுகின்றனர். பிள்ளையை வளர்த்துப் பாதுகாத்து, வம்சத்தை மாற்றாமல் விடும் இந்த ஏற்பாடு கஃபாலா எனப்படும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சாசனம் தன் 20ஆம் உறுப்புரையில், தத்தெடுத்தலோடு கஃபாலாவையும் பெயர் சொல்லி, குடும்பத்தை இழந்த பிள்ளைக்கான பராமரிப்பு முறைகளில் ஒன்றாக ஏற்றுள்ளது.